தளபாடமும் பழுதும்: வாங்குவோர் நிலை பற்றிய ஓர் ஆய்வுக் குறிப்பு

பண்டம் என்னும் வடிவத்தின் புதிரை விளக்கப் புகுந்த கார்ல் மார்க்ஸ், 1867இல் வெளிவந்த மூலதனம் முதலாம் பாகத்திலே எடுத்துக்காட்டாகக் கொண்ட பொருள் ஒரு மேசையாகும். மரம் மேசையாக மாறும்போது விளங்காதது எதுவும் நிகழ்வதில்லை என்றும், அது விற்பனைக்கு வந்து பண்டமாகும் கணத்திலேயே புலன்களுக்கு எட்டாத குணங்களைப் பெறுகின்றது என்றும் அவர் கருதினார். இலக்கிய மாணவர் இப்பகுதியை அதன் உருவகச் சிறப்புக்காக எடுத்துக்காட்டுவது வழக்கம். நாமும் விரிவுரைகளில் அவ்வாறே செய்து வந்துள்ளோம். ஆயின், அம்மேசையின் கால் ஆடத்தொடங்கினால் என்ன நேரும் என்ற வினாவை நாம் எழுப்பியதில்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்துத் தளபாடக் கடையொன்றிலே கழிந்த சில மாலைப்பொழுதுகளே அவ்வினாவை எம்முன் வைத்தன.

எமக்குத் தெரிந்த மாணவர் விடுதியொன்றில் துப்புரவுப் பணி புரியும் பெண்மணி ஒருவர், தைமாதத்தில் நடைபெறவிருந்த தம் மூத்த மகளின் திருமணத்துக்காக, மூன்று கதவுகளைக் கொண்ட அலுமாரி ஒன்றையும் கட்டில் ஒன்றையும் செப்டெம்பர் முதல் வாரத்தில் வாங்கியிருந்தார். முற்பணம் கையிலிருந்து கொடுக்கப்பட்டது. மிகுதி நிதிக் கம்பனியொன்றின் ஊடாகத் தவணைமுறையில் செலுத்தப்பட வேண்டியது. விடுதியில் உடன் பணிபுரியும் ஒருவர் பிணை நின்றார். நவம்பர் மழை தொடங்கிய பின்னர் அலுமாரியின் அடிப்பலகை ஊதிப் பருத்தது. நடுக்கதவின் பிணைச்சலைப் பற்றியிருந்த திருகாணிகள் தம் துளைகளினின்றும் கழன்றன. கட்டிலின் தலைப்பக்கத்துச் சட்டத்திலே குண்டூசித் தலையளவான துவாரங்கள் தோன்றி, ஒவ்வொரு காலையும் நிலத்தில் மஞ்சள் நிற மாவு கொட்டிக் கிடந்தது. அவர் நான்கு முறை கடைக்குச் சென்று வாய்மொழியாக முறையிட்டபின் எம்மிடம் வந்தார். அது பதினோராவது வாரம். வாரங்களை எண்ணிக் குறிப்பிடுவதன் காரணம் பின்னர் தெளிவாகும்.

இவ்விரு பழுதுகளும் வெவ்வேறு இயல்பின. அலுமாரி மரத்தால் ஆனதன்று. மரத்துகள்களைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையால் ஆனது. மேலே ஒட்டப்பட்டுள்ள மெல்லிய படலம்தான் தேக்கின் வரிகளைக் காட்டுகின்றது. இத்தகைய பலகை உலர்ந்த இடத்தில் நெடுங்காலம் நிற்கக்கூடியதே. அதன் எதிரி நீர். அதிலும் வெட்டுவிளிம்பின் வழியே நுழையும் நீர். ஆகவே வெட்டுண்ட விளிம்புகள் யாவற்றையும் பிளாஸ்ரிக் நாடாவால் மூடுவது தொழில்முறை. நாம் அலுமாரியைச் சரித்துப் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியும் விளிம்புகள் அனைத்தும் மூடப்பட்டிருக்க, நிலத்தைத் தொடும் கீழ்விளிம்பு மட்டும் மூடப்படாதிருந்தது. சீமெந்துத் தரையின் ஈரத்தை அது திரிபோல் உறிஞ்சியிருந்தது. ஒருமுறை ஊதிய துகட்பலகை உலர்ந்தாலும் பழைய அளவுக்கு மீள்வதில்லை. திருகாணிக்கு மீண்டும் பிடி கிடைப்பதும் அரிது.

கட்டில் மரத்தாலானதே. கடையில் ‘மகோகனி’ எனக் கூறப்பட்டதாம். மெருகின் கீழ் அது இறப்பர் மரமென்பது பின்னர் ஒரு தச்சர் பார்த்துச் சொன்னதால் தெரியவந்தது. இறப்பர் மரம் தாழ்ந்த மரமன்று. நன்கு பதப்படுத்தி உலர்த்தினால் நல்ல தளபாடம் தரும். ஆனால் மாப்பொருள் மிகுந்த அம்மரத்தைப் போரிக் அமிலமும் போராக்ஸும் சேர்ந்த கரைசலில் ஊறவைக்காது விடின் உளுவண்டு அதனை விடாது. வைரம் பாய்ந்த மரத்தையும் வெள்ளைப் பகுதியையும் வேறுபிரித்தறியும் அறிவு தச்சரிடம் உண்டு. வாங்குவோரிடம் அது இல்லை.

இவ்விடத்து மார்க்ஸ் அதே நூலின் முதல் அதிகாரத்தில் அடிக்குறிப்பாகச் சொல்லிச் சென்ற செய்தியொன்று மனங்கொள்ளத்தக்கது. முதலாளித்துவ சமுதாயத்திலே வாங்குவோர் ஒவ்வொருவரும் பண்டங்கள் அனைத்தையும் பற்றிய கலைக்களஞ்சிய அறிவு உடையோர் என்னும் சட்டப் புனைவு நிலவுவதாக அவர் எள்ளலோடு குறிப்பிட்டார். விற்போனுக்குத் தெரிந்தது வாங்குவோனுக்குத் தெரியாது என்னும் எளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டு ஜோர்ஜ் அக்கலொஃப் 1970இல் பழைய மோட்டார் வண்டிச் சந்தை பற்றி எழுதிய கட்டுரை பெரும் புகழ் பெற்றது. 2001இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அடிக்குறிப்புக்குப் பரிசில்லை.

நாம் அவருடன் கடைக்குச் சென்ற முதல் மாலை நிகழ்ந்ததைச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழில் முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டென்பதும், நடுவிலுள்ள ‘நீர்’ என்பது ஒத்தோரையும் இளையோரையும் நோக்கி வழங்குவதென்பதும் யாவரும் அறிந்ததே. கடை உரிமையாளர் முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாதவர். ஐம்பதைக் கடந்த அப்பெண்மணியிடம் அவர் பேசியது பின்வருமாறு: “நீர் தரையை ஈரமாக வைச்சிருந்தா நாங்கள் என்ன செய்யிறது? நீர்தானே பார்த்து எடுத்தனீர்?” பின்னர் எம்பக்கம் திரும்பி, “சேர் இருங்கோ. நீங்கள் படிச்ச ஆக்கள், உங்களுக்கு விளங்கும். மழைக்காலத்தில எல்லாப் பலகையும் கொஞ்சம் ஊதும்” என்றார். பெண்மணியோ முதலில் அவரைத் ‘தம்பி’ என்றே அழைத்தார். மூன்றாம் முறை பேசும்போது அது ‘முதலாளி’ ஆகிவிட்டது. அலுமாரி பற்றிய தகவல் எதுவும் இவ்விரு உரையாடல்களுக்கிடையில் மாறவில்லை, பழுது ஒன்றே. ஆனால் ஒருவர் வாயில் அது அவருடைய கவனக்குறைவாகவும், மற்றவர் வாயில் விளக்கம் கோருதற்குரிய முறைப்பாடாகவும் பொருள்கொள்ளப்பட்டது. எமக்குக் கதிரை தரப்பட்டது. அவர் நின்றுகொண்டிருந்தார். எழுந்து அவரை இருக்கச் சொல்ல எமக்குச் சில நிமிடங்கள் ஆயின என்பதையும் இங்கு மறைப்பதற்கில்லை.

அடுத்து வந்தது பொறுப்பைப் பகிர்ந்து மறைக்கும் வாதம். தாம் செய்வோர் அல்லர், தென்னிலங்கையிலிருந்து வருவித்து விற்போர் மட்டுமே என்றார் உரிமையாளர். தவணைமுறையில் எடுத்தமையால் பொருள் இப்பொழுது நிதிக் கம்பனிக்கே உரியது, அங்கே கேளுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். மறுநாள் நிதிக் கம்பனியின் கிளையில், பொருளின் தரம் கடைக்காரரின் விடயம், தவணை மட்டுமே எமது விடயம் என்றனர். ஒரு வகையில் இருவர் கூற்றும் பொய்யன்று. வாடகைக் கொள்வனவிலே இறுதித் தவணை செலுத்தப்படும் வரை உடைமையுரிமை கடன் கொடுத்தோரிடமே இருக்கின்றது. பழுதுக்கு உரியோர் யாருமில்லை. தவணைக்கு உரியோர் மட்டும் திட்டவட்டமாக உள்ளனர். அவர் தவணையை நிறுத்தியிருந்தால் முதலில் தட்டப்பட்டிருக்கும் கதவு பிணை நின்ற சக தொழிலாளியினுடையதே.

இச்சந்தர்ப்பத்திலே, ‘முன்பெல்லாம் ஊர்த் தச்சர் வீட்டுக்கு வந்து செய்து தந்தார், பழுது வந்தால் கூப்பிட்டால் வருவார்’ என்று ஏங்குவோர் உளர். எம் நண்பர் ஒருவரும் அவ்வாறே சொன்னார். அவ்வேக்கத்தை நாம் பகிர்ந்துகொள்ள இயலாது. கூப்பிட்டவுடன் தச்சர் வந்தமைக்குக் காரணம் உத்தரவாதம் அன்று, சாதியொழுங்கு. அங்கு பழுது பற்றிய சொல் மேலிருந்து கீழ்நோக்கிச் சென்றது. எனவே அது கட்டளையாகவே ஒலித்தது. இன்று எமது பெண்மணியின் சொல் கீழிருந்து மேல்நோக்கிச் செல்ல வேண்டியிருக்கின்றது. எனவே அது மன்றாட்டமாக ஒலிக்கின்றது. இவ்விரு காலங்களிலும் மரத்தைப் பற்றி இரு சமமானோர் பேசிக்கொள்ளவில்லை.

பழந்தமிழ் இலக்கியத்தை நோக்குமிடத்தும் இதனை ஒத்த நிலைமை புலப்படும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை, கொள்வதில் மிகை கொள்ளாதோராகவும் கொடுப்பதில் குறை கொடாதோராகவும், பழிக்கு அஞ்சி உண்மை பேசுவோராகவும் புகழ்கின்றது. வள்ளுவரும் பிறர் பொருளைத் தம் பொருள்போற் பேணுதலே வாணிகம் என்பார். வணிக அறம் இவ்வாறு வணிகரின் நெஞ்சிலே வைக்கப்படுகின்றது. பட்டினப்பாலையின் அப்பகுதியில் வாங்குவோன் வாய்திறப்பதில்லை. புகழப்படும் நடுவுநிலை தவறினால் அவன் எங்கே செல்வான் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

அக்கேள்விக்கு இடமளித்தது சட்டம். ஆயினும் அதன் வரலாறு உவப்பானதன்று. மறைந்திருக்கும் பழுதுக்கு விற்போனே பொறுப்பு என்னும் கொள்கை ரோமாபுரிச் சந்தைகளை மேற்பார்த்த அதிகாரிகளின் கட்டளைகளிலிருந்து வளர்ந்தது. அக்கட்டளைகள் முதன்மையாகக் கருதியவை அடிமைகளும் கால்நடைகளுமாகும். நோயுள்ள அடிமையை நோயற்றவன் எனக்கூறி விற்றால் வாங்கியவன் திருப்பிக் கொடுக்கலாம். நுகர்வோர் பாதுகாப்பின் மூதாதை மனிதரே பண்டமாயிருந்த சந்தையிற் பிறந்தது என்பதைப் பாராட்டுரைகள் குறிப்பிடுவதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியோடு (1658 – 1796) ரோம டச்சுச் சட்டமாக இது எமது கரைக்கும் வந்தது. எமது தளபாடச் சொற்களும் ஏறத்தாழ அதே கப்பல்களில் வந்தவைதாம்: அலுமாரி, மேசை, கதிரை ஆகியவை போர்த்துக்கேயர் தந்தவை, லாச்சி ஒல்லாந்தர் தந்தது. கட்டில் ஒன்றே எம்முடையது. புறநானூற்றிலே மோசிகீரனார் துயின்றது முரசு கட்டிலில் அல்லவா?

அசையும் பொருள்களின் விற்பனையைப் பொறுத்தவரை இன்று நாட்டில் நிலவுவது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமாகும். இது 1893ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவியது. வாங்குவோனே விழிப்பாயிருக்கக் கடவன் என்ற பழைய விதியை அது முற்றாக நீக்கவில்லை; அதற்குப் புறநடைகளைத் தந்தது. அதன் 15ஆம் பிரிவின்படி, வாங்குவோன் தன் தேவையைத் தெரிவித்து விற்போனின் திறமையில் நம்பிக்கை வைத்து வாங்கினால், பொருள் அத்தேவைக்குப் பொருத்தமாயிருக்க வேண்டுமென்பது எழுதப்படாத நிபந்தனையாகக் கொள்ளப்படும். அத்தகைய பொருள்களை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விவரணையின்படி வாங்கும் பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருத்தல் வேண்டும். ஆனால் வாங்குவோன் பொருளைப் பரிசோதித்திருப்பின், அப்பரிசோதனையிலே தெரிந்திருக்க வேண்டிய பழுதுகளுக்கு இது பொருந்தாது. “நீர்தானே பார்த்து எடுத்தனீர்” என்று உரிமையாளர் கூறியது இவ்விலக்கின் நாட்டுவழக்கு வடிவமேயாகும். சட்டத்தைப் படியாதவரும் தமக்கு வேண்டிய வரியை அறிந்தே வைத்திருக்கின்றனர்.

ஆகவே விவாதம் ஒரு சிறிய வினாவிலே வந்து குவிந்தது. அலுமாரி வாங்கச் செல்லும் ஒருவர் அதனைச் சரித்து அடிப்புறத்தைப் பார்க்க வேண்டுமா? எமது நிலைப்பாடு, வேண்டியதில்லை என்பதே. காட்சிக்கு நிறுத்தப்பட்டிருக்கும் ஆளுயர அலுமாரியைக் கவிழ்க்க எந்தக் கடையும் விடுவதில்லை. மூடாது விடப்பட்ட விளிம்பு, நிற்கும் நிலையில் எவர் கண்ணுக்கும் தெரியாத விளிம்பு. அது தற்செயலான தவறன்று. கண்படும் இடத்தில் நாடாவும் கண்படாத இடத்தில் வெறும்பலகையும் வைப்பது ஒரு கணக்கு. பயன்பாட்டுப் பெறுமதியைப் பரிவர்த்தனைப் பெறுமதி எங்கே கைவிடுகின்றது என்பதை விரல் வைத்துக் காட்ட வேண்டுமெனில் அவ்விளிம்பைக் காட்டலாம்.

பொருள் ஒப்படைக்கப்பட்ட அன்று அவர் கையொப்பமிட்ட தாளில் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என அச்சிடப்பட்டிருந்தது. ஏற்றிவந்தவர்கள் நீட்டிய இடத்தில் அவர் ஒப்பமிட்டார். இதுவும் பொருட்படுத்தத்தக்க தடையன்று. நியாயமான பரிசோதனைக்கு வாய்ப்புக் கிடைக்கும் வரை வாங்குவோன் பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படுவதில்லை. ஆனால், மறுப்பைத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். அப்பொழுது பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நட்டஈடு கோரும் உரிமையே எஞ்சும். நான்கு முறை நேரில் சென்று சொன்னது மறுப்புத்தான். ஆனால் அதற்குச் சாட்சி கடைக்காரரின் நினைவாற்றல் ஒன்றே.

நீதிமன்றம் செல்வது அவரது மாதச் சம்பளத்தில் நினைக்கத்தக்கதன்று. இத்தகையோருக்கெனவே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1979இல் வந்தது. அதனை நீக்கி 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவியது. 1979ஆம் ஆண்டு, திறந்த பொருளாதாரம் வந்து இரண்டாண்டு கழிந்த காலமென்பது தற்செயலன்று. சந்தையைத் திறந்துவிட்டோர் அதன் வாயிலில் ஒரு முறைப்பாட்டுப் பெட்டியையும் வைத்தனர். எனினும் அப்பெட்டியை ஏளனம் செய்து ஒதுக்குவது வறட்டுவாதமாகும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோர் என்பவரை வாங்குவோர் என்று வரையறுக்காமல், பொருளைப் பயன்படுத்துவோர் என்று வரையறுத்தது. அலுமாரி சட்டப்படி நிதிக் கம்பனிக்கு உரியது என்ற வாதம் இங்கே வலுவிழக்கின்றது. அதிலே சேலையை மடித்து வைக்கப்போவது நிதிக் கம்பனியன்று.

அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தரப்பட்ட உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் குறித்து எழுத்துமூலம் முறையிட வழிசெய்கின்றது. விசாரணையின் பின் மாற்றுப்பொருளோ பணமோ நட்டஈடோ வழங்கும்படி அதிகாரசபை கட்டளையிடலாம். ஆயின் முறைப்பாடு விற்பனைத் திகதியிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கிடைத்தல் வேண்டும். கடைக்காரர் நான்கு முறையும் சொன்னது “அடுத்த கிழமை ஆளனுப்பிப் பார்ப்பிக்கிறன்” என்பதாகும். இணக்கமான சொற்கள், ஒவ்வொன்றும் ஒரு வாரத்தைத் தின்றது. பதினோராவது வாரத்தின் கணக்கு இதுதான். கடையோடு முரண்படாமற் பேசித் தீர்க்கலாம் என்று காத்திருக்கும் பண்பு ஏழைகளிடமே மிகுதி. காலவரையறை அப்பண்பைத் தண்டிக்கின்றது.

அன்றிரவே இரு கடிதங்கள் எழுதப்பட்டன. ஒன்று கடைக்கு, கொள்வனவுத் திகதி, பற்றுச்சீட்டு இலக்கம், பழுதுகள் முதலில் கண்ட நாள், கடைக்குச் சென்ற நான்கு நாள்கள், கோரும் பரிகாரம் ஆகியன மட்டும் அதில் இருந்தன. நாம் முதலில் எழுதிய வரைவு இரண்டு பக்கம். சமூக நீதி பற்றிய பந்தியும் இருந்தது. பெண்மணி அதனை வாசிக்கக் கேட்டுவிட்டு, “சேர், அலுமாரியை மாத்தித் தரச்சொல்லி எங்க எழுதியிருக்கு?” என்றார். ஒரு பக்கமாகச் சுருக்கினோம். ஒப்பம் அவருடையது, அவர் பெயரிலேயே பதிவுத் தபாலில் சென்றது. மற்றையது, அதன் பிரதியும் புகைப்படங்களும் பற்றுச்சீட்டின் நகலும் சேர்த்து, மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகாரசபைக் கிளையில் அவராலேயே கையளிக்கப்பட்டது. மூலப் பற்றுச்சீட்டை எவரிடமும் கொடுக்க வேண்டாமென்று மட்டும் நாம் வற்புறுத்தினோம்.

பற்றுச்சீட்டிலேதான் இடறலும் இருந்தது. ‘கட்டில் – 1’ என்பதற்கு மேல் அதில் எதுவுமில்லை. மகோகனி என்ற சொல் காற்றோடு போயிருந்தது. கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வேண்டுமென்பது வர்த்தகரின் சட்டக் கடமை; அதிலே மரத்தின் பெயரை எழுதுவிப்பது வாங்குவோர் கையில் உள்ளது. பணம் கொடுக்குமுன் கேட்டால் எழுதுவர், பின்னர் கேட்டால் எழுதார்.

திருமணத்தை ஒட்டி அவருக்கிருந்த அச்சத்தைப் பற்றி அவர் ஒருமுறையே பேசினார். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரும் வேளை கதவு கழன்றால், கடையை ஒருவரும் நினைக்கமாட்டார்கள். பிள்ளையைத்தான் நினைப்பார்கள் என்றார். சீதன அமைப்பிலே தளபாடம் பெண்ணின் பெறுமதிக்கு அடையாளமாகி நிற்பதால், பலகையின் பழுது பெண்ணின் பழுதாகப் பெயர்த்து எழுதப்படுகின்றது. பொருள்கள் மனிதர்போலவும் மனிதர் பொருள்போலவும் தோற்றுவதை நாம் வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றோம்.

விசாரணைக்கு அழைப்பு வந்த பின்னர், குறித்த நாளுக்கு முன்பதாகவே கடையின் வாகனம் அவர் வீட்டுக்கு வந்தது. வேறோர் அலுமாரி இறக்கப்பட்டது. அதனை ஏற்குமுன் ஏற்றிவந்த இளைஞரைக் கொண்டே சரிப்பித்துக் கீழ்விளிம்பைத் தடவிப் பார்த்ததாக அவர் எம்மிடம் கூறினார். நாடா இருந்தது. கட்டில் மாற்றப்படவில்லை, மண்ணெண்ணெய் மணக்கும் ஏதோ மருந்தைத் துவாரங்களில் செலுத்திச் சென்றனர். மாவு சில வாரம் நின்று மீண்டும் கொட்டியது. அதற்காக இன்னொரு முறை போக அவருக்கு நேரமுமில்லை, விடுப்புமில்லை. தவணைகள் இரண்டுக்கும் சேர்த்தே தொடர்ந்தன.

பெப்ரவரியில் நாம் அக்கடையைக் கடந்து சென்றபோது பழைய அலுமாரி முன்வரிசையில் நின்றது. நடுக்கதவின் பிணைச்சல் ஓரங்குலம் மேலே மாற்றிப் பூட்டப்பட்டிருந்தது. அடிப்பலகையின் ஊதல் ஒரு மரச்சட்டத்தால் மறைக்கப்பட்டிருந்தது. கதவில் ‘விசேட கழிவு’ என்ற அட்டை தொங்கியது. இளந்தம்பதியர் ஒருவர் அதனைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தனர். நாம் உள்ளே சென்று, அதைச் சரித்துப் பாருங்கள் என்று அவர்களிடம் சொன்னோம்.